ஆடிக்கு அனுப்பிய மாமனார்

ஆடி மாதத்துக்குப் புதுப்பெண்ணைத்தான் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நாங்கள் மாமனாரை மகள் வீட்டுக்கு அனுப்பினோம். இதைச் சொல்லி முதலில் சிரித்தவரும் அவர்தான். "எனக்கு எம்மக ஆடிச்சீர் வைக்கப் போறாடா. வேட்டி துண்டு எடுத்துட்டாளான்னு கேளு" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

வீட்டுக்காரர் வந்து சொன்னதே ஆனி முடியப் போகிற நேரத்தில்தான். திண்டுக்கல்லில் அந்த வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது என் மகள் கைக்குழந்தை. இப்போது அவள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இத்தனை காலமும் வந்தால் காபி குடிக்காமல் போகாத மனிதர், அன்று உட்காரக்கூட இல்லை. அவருடைய மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாராம். இந்த வீட்டில்தான் குடிவைக்க வேண்டுமாம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டுமாம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அவர்கள் அதற்குள் உள்ளே வர வேண்டும், நாங்கள் அதற்கும் முன்னால் வெளியே போக வேண்டும், போகிற இடத்தில் நாங்களும் பால் காய்ச்ச வேண்டும். ஊரே அந்த வாரத்தில் மூட்டை கட்டுகிறதோ என்று தோன்றியது. சாமான் ஏற்றக் குட்டியானை வண்டிக்காரர் யாரைக் கூப்பிட்டாலும், "ஆடி பொறந்துட்டா எம்புட்டு வண்டின்னாலும் வரும்க்கா, இந்த வாரம் மட்டும் கேக்காதீங்க" என்றார்கள்.

இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று தாடிக்கொம்பில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளம். என் கணவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். மில் பஸ் அந்த வழியாகத்தான் போகும், அவருக்கு வசதி. மாமனாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, அவருக்கும் வசதி. எனக்கு மட்டும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். இன்னொரு வீடு டவுனுக்குள், மாடியில், பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம். அறைகள் சின்னவை. படி செங்குத்து.

"அப்பாவுக்கு முட்டி வலியே" என்றார் அவர்.

"ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் கீழ்வீடு ஒண்ணு நிதானமாப் பாப்போம். அதுவரைக்கும் உங்க தங்கச்சி வச்சுக்கட்டுமே. அவளுக்கும் அப்பாதான?"

அவர் மறுத்துப் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாடி வீடு முடிவாகிவிட்டது. கத்தரிக்காய் பொறுக்குவதற்குக்கூட நான் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

மாமனார் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையில் நின்றே ஆயுளைக் கழித்தவர். முழங்கால் தேய்ந்ததும் அதில்தான். மகளைச் சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்ததற்கு அவர் சொல்லும் காரணம், "எம் பஸ்ஸு அந்த வழியாப் போகுது, தெனம் ஒருக்கா எட்டிப் பாத்துக்கலாம்ல." வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், செருப்பு மாட்டி வாசல் இறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, "போலாம், ரைட்" என்பார். பரீட்சைக்குப் போகும் பேத்திக்கும் அதுதான், பால் வாங்கப் போகும் எனக்கும் அதுதான். எரிச்சலாக இருக்கும் சில நாள். சொல்லாமல் விட்டால் எதையோ மறந்த மாதிரியும் இருக்கும்.

அவரிடம் ஒரு தலையணை இருந்தது. கடைசி டிரிப் போகும் ஊரிலேயே பஸ்ஸை நிறுத்தி, சீட்டிலேயே படுத்து எழும் வேலை அவருக்கு. அதற்காக என் மாமியார் அவருடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தது. சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே விட்டுத் தைத்திருந்தார், பொத்தானோடு. அந்தப் பைக்குள்தான் மாமனார் தைலக் குப்பியை வைத்திருப்பார். மாமியார் போன பிறகும் அதே தலையணை. பஞ்சு கட்டி கட்டியாகி, எண்ணெய் ஏறி, காக்கி என்பதே கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆடிக்கு முந்தின நாள்தான் எங்களுக்கு வண்டி கிடைத்தது. விடியும் முன்பே புது வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சினோம். மாமனாரை அழைத்துப் போகவில்லை. அலைய வேண்டாம் என்றேன். திரும்பி வந்து தூக்குச்சட்டியில் பாலை நீட்டியதும், "எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று கேட்டார். பால் பொங்கிய நேரத்தில் நான் வண்டிக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது நாலா பக்கமும் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. "கெழக்கத்தான் மாமா" என்றேன். "அப்ப நல்லது" என்று குடித்தார்.

மூட்டை கட்டும்போது எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழைய விடைத்தாள்களில் டம்ளர்களைச் சுற்றினேன். துணிகளைப் புடவையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். மிளகாய்த்தூள் டப்பாவும் மருந்து டப்பாவும் ஒரே சாக்கில் போயின. வீட்டுக்காரரின் மனைவி வேறு செத்த நேரத்துக்கு ஒருதரம் வந்து, "மத்தியானத்துக்குள்ள சாவி வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் எங்கள் ஆணிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். மாமனார் டீக்கடைக்குப் போயிருந்த நேரம், முன்னறையில் அவருடைய கட்டிலை மடக்கத் தூக்கினேன். தலையணை காலடியில் விழுந்தது. எடுத்தேன். தைலமும் எண்ணெயும் வெற்றிலையும் சேர்ந்த வாடை.

தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது எது என்று நன்றாகத் தெரியும். இந்தச் சனியனையும் அந்தச் சின்ன வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று நினைத்தேன். புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்றும் நினைத்தேன். தைலக் குப்பியை மட்டும் எடுத்து அவருடைய கட்டைப்பையில் போட்டேன். கிழிந்த பாய்களோடும் உடைந்த வாளியோடும் தலையணையைத் தெருக்கோடிக் காலி மனையில் கொண்டுபோய்ப் போட்டேன். தெருவே அங்கேதான் குப்பை கொட்டும். கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது மனதுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சாமான் ஏறியதும் என் கணவர் குட்டியானையோடு போய்விட்டார். மாமனாரைப் பஸ் ஸ்டாண்டில் விட ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டேன். கூட யாரும் போகவில்லை. "எனக்கா பஸ்ஸு ஏறத் தெரியாது?" என்றார் அவர். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். காலி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி தாயி, போயிட்டு வாரேன்" என்றார். ஆவணியில் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார்.

ஆட்டோ நகர்ந்தது. நான் உள்ளே போய் வாளியில் தண்ணீர் பிடித்தேன்.

ஒருவர் பயணம் கிளம்பினால் உடனே வீட்டைக் கூட்டக்கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் மகளை முதன்முதலாக விடுதிக்கு அனுப்பிய அன்று, சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்யும் வரை நான் விளக்கமாற்றைத் தொடவில்லை. கூடமெல்லாம் அவள் தலைமுடி கிடந்தது, கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மாமனார் கிளம்பிய அன்றைக்கோ எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கட்டில் கிடந்த மூலையில் அவர் தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் எண்ணெய்க்கறை, தரையில் வெற்றிலைக்கறை. வீட்டுக்காரரின் மனைவி பார்ப்பதற்குள் அது போக வேண்டும். சோப்புத்தூளைக் கொட்டி, தண்ணீரை வீசி ஊற்றித் தேய்த்தேன். தண்ணீர் நுரையோடு வாசற்படி வழியாகத் தெருவுக்கு ஓடியது.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். அதட்டிப் பேசும் குணம் அவருக்கு.

"ஏத்தா, பெரியவரு இன்னும் தெருவத் தாண்டல. அதுக்குள்ள தண்ணிய ஊத்திக் கழுவுற? பொணம் போன வீட்டுலதான இப்பிடிக் கழுவுவாக!"

"சாவி குடுக்கணும்க்கா. எனக்கு நேரமில்ல" என்றேன் நிமிராமல்.

வாயாடி அக்கா ஏன் பேசாமல் நிற்கிறார் என்று நிமிர்ந்தேன். ஆட்டோ திரும்பி வந்திருந்தது. மாமனார் வாசலில் நின்றிருந்தார். நுரைத்தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தார். அக்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா, இன்று வரை எனக்குத் தெரியாது. விழாமல் இருக்க வழியில்லை.

"தலகாணிய மறந்துட்டேன் தாயி" என்றார்.

"மூட்டையில கட்டிட்டேன் மாமா. வண்டியில போயிருச்சு. அவருகிட்டக் குடுத்து விடுறேன்."

என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது இன்னும் காதில் கேட்கிறது. கையில் விளக்கமாறோடு, "உள்ள வாங்க மாமா" என்று வேறு சொன்னேன்.

"வேணாம். கழுவுன எடம், தடம் விழுந்துரும்." அவர் படியேறவில்லை. ஈரத்தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "வழுக்கும் தாயி, பாத்து நட" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் அவரே, "போலாம், ரைட்" என்றார். ஆட்டோ போயிற்று. எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாவியைக் கொடுத்துவிட்டு முதல் வேலையாகத் தெருக்கோடிக்கு ஓடினேன். பாய்கள் கிடந்தன. உடைந்த வாளி கிடந்தது. தலையணை இல்லை. குப்பை பொறுக்குகிறவர்கள் எடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். வேறு எதையும் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

புது வீட்டில் சௌகரியமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு கிளம்பினால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். முன்னறையில் கட்டில் இல்லை, இருமல் இல்லை. நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆடி முழுக்க மாமனார் போனில் பேசுவார். தலையணையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அது எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் பயம். "எப்ப வாரது?" என்று அவர் கேட்டால், "ஆடி போகட்டும் மாமா" என்பேன். மாமனார் மகன் வீட்டுக்கு வருவதற்கு ஆடி என்ன ஆவணி என்ன? அவருக்குத் தெரியாதா? "ஆமா, ஆடி போகட்டும்" என்பார். ஆடி எனக்கு நல்ல சாக்காக வாய்த்தது. கீழ்வீடு பார்க்கிறோம் என்று சொன்னோமே தவிர, நாங்கள் ஒரு தெருவுக்கும் போகவில்லை.

ஆவணி பிறந்தது. இனிச் சொல்ல மாதம் இல்லை. கடையில் புதுத் தலையணை ஒன்று வாங்கிப் பெரிய பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் சேவுகம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். என் கணவருக்கு மில்லில் ஷிப்ட். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தத் தலையணை மூட்டை மாறிப் போயிருச்சு மாமா. எலி கடிச்சிருச்சு மாமா. எதுவும் சரியாக வரவில்லை.

நாத்தனார் வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். முன்னறையில் மாமனாருக்கென்று போட்டிருந்த கட்டில். கட்டிலில் அவர் இல்லை. அந்தக் காக்கித் தலையணை இருந்தது. பையும் பொத்தானும், பைக்குள் தைலக் குப்பியும், எல்லாம் அப்படியே. துவைத்து வெயிலில் போட்டதில் காக்கி நிறம் நன்றாகத் தெரிந்தது.

நாத்தனார் என் பார்வையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதத்தான பாக்குறீக மதினி? அன்னிக்கு அதக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து எறங்குனாரு. ஒரே குப்ப வாட. என்னாப்பா இதுன்னா, பஸ்ஸுல கீழ விழுந்துருச்சுங்கறாரு. வீடு மாத்துற அம்புட்டு ரோதனையிலயும் மதினி மறக்காம எடுத்துக் குடுத்துச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாரு. அது இல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது. நீங்க மறக்கலையே, அதச் சொல்லுங்க."

புதுத் தலையணை இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வயதில், அந்த முழங்காலோடு, ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குப்பை மேட்டில் ஏறியிருக்கிறார். அதற்குப் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து வரும் வழியில் எனக்காக ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார். என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. ஊரெல்லாம் சொல்லித் தூற்றியிருந்தாலும் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த வேலை. இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா எங்க?" என்றேன்.

"எங்க இருப்பாரு, பின்னால மாடிப்படியிலதான். வந்ததுல இருந்து தெனம் காலையும் சாயந்தரமும் ஏறி எறங்குறாரு. விழுந்து வச்சுராதப்பான்னா கேக்க மாட்டேங்குறாரு."

பின்பக்கம் போனேன். மாமனார் மொட்டைமாடிப் படியில் பாதியில் நின்றிருந்தார். ஒரு கை முழங்காலில், ஒரு கை பக்கவாட்டுக் கம்பியில். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நடிப்பாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உண்மையாகவே மலர்ந்தது.

"வா தாயி. பாதி வரைக்கும் சும்மாவே ஏறிருவேன் இப்ப. மிச்சத்துக்குத்தான் கம்பியப் பிடிக்க வேண்டியிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அங்க நம்ம வீட்டுப் படியில கைப்பிடி இருக்கா?"

நம்ம வீடு என்றார். ஒரு மாதமாக நான் நாளும் ஏறி இறங்கும் படி. காய்கறிப் பையோடு, தண்ணீர்க் கேனோடு, நோட்டுக் கட்டோடு ஏறிய படி. அதில் கைப்பிடி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு நினைவே வரவில்லை.

"இருக்கு மாமா" என்றேன்.

"அப்பறம் என்ன. பையப் பைய வந்துருவேன்."

மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். புதுத் தலையணையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கிளம்பும்போது மாமனார் வாசல் வரை வந்தார். நாத்தனார் எனக்குத் தலையில் வைத்துவிட்ட பூவின் காம்பும் நாரும் தரையில் சிதறிக் கிடந்தன. நான் செருப்பு மாட்டி இறங்கியதும் அவள் அதைத் தள்ள விளக்கமாற்றை எடுத்தாள்.

"வையி அத" என்றார் மாமனார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. "அவ பஸ்ஸு ஏறட்டும். வீடு போய்ச் சேர்ந்தேன்னு போனு வரட்டும். அப்பறம் கூட்டு."

பிறகு என்னைப் பார்த்து, "போலாம் தாயி, ரைட்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பாதி வழி தாண்டும் வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் டிக்கெட் கேட்டார்.

வீடு சேர்ந்தபோது மாடிப்படியின் மேல் என் கணவர் நின்றிருந்தார்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"படியில கைப்பிடி இருக்கான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொன்னேன்."

அவர் மேலேயிருந்து ஒவ்வொரு படியாக, சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே மெதுவாக இறங்கி வந்தார். அவர் அப்பா இறங்குவதைப் போலவே இருந்தது. நான் பையைக் கட்டிக்கொண்டு கீழே நின்று பார்த்தேன். அங்கே சேவுகம்பட்டியில் பூநாரைக் கூட்டாமல் என் போனுக்காகக் காத்திருப்பார்கள். இங்கே அந்தச் சுவரில், மேலிருந்து கீழ்வரை, பிடித்துக்கொள்ள ஓர் ஆணிகூட இல்லை.